மூச்சைப் பிடியுங்கள்

இரவு எட்டரைக்குப் பிறகு
நெஞ்சுப் படத்துக்கு வருவோர் குறைந்துவிட்டார்கள்.
கடைசியாக வந்தது ஓர் ஈரத் துவாய்.
நஸ்லியா அதை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள்,
பச்சைப் பிள்ளையைத் தூக்கிப் பழகாதவள் தூக்குவதுபோல.

பின்னால், சாரத்தை மடித்துக் கட்டிய கிருபைநாயகம்.
முகத்துவாரத்தில் வீச்சுவலை எறிகிறவர்.
ஈயக்குண்டுகளுக்கு நடுவே சிக்கி வந்ததாம்.
ஏதோ சட்டிமூடி என்று நினைத்து
இரண்டு நாள் நண்டுவாளியை அதனால் மூடிவைத்தாராம்.

"சீனத்துக் கண்ணாடிகா, வெண்கலம்.
ஆயிரத்துச் சொச்சம் வயதிருக்கும்.
கொழும்புக்கு அனுப்ப முதல்
ஊத்தைக்குள்ள என்ன இருக்கெண்டு பார்க்கவேணும்."

பாசி, பச்சைக் களிம்பு, ஒட்டிச் செத்த சிப்பிகள்.
முகம் பார்க்கிற பக்கம் எது என்று கேட்டேன்.
திருப்பித் திருப்பிக் காட்டினாள்.
இரண்டு பக்கமும் என்னை அறியோம் என்றன.

படிவம் நிரப்பாமல் இயந்திரம் திறக்காது.
பெயர்: கண்ணாடி.
ஆணா பெண்ணா என்றது. பெண் என்று அழுத்தினேன்,
ஏன் என்று தெரியாது.
வயதுக்கு மூன்று இலக்கம்தான் இடம்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று போட்டேன்.
வயதைக் குறைத்துச் சொல்லி
இந்த மேசையில் படுத்த முதல் ஆள் இவளல்ல.

கை முறிவுக்கு வைக்கிற அளவில்
வெறும் வெள்ளை வட்டம், பௌர்ணமி.
நூற்றிருபதுக்கு ஏற்றினேன்.
ஈயச் சுவருக்குப் பின்னால் நின்று
பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன்:
மூச்சைப் பிடியுங்கள்.
நஸ்லியா சிரித்தாள்.
அது பிடித்துக்கொண்டுதான் கிடந்தது,
சேற்றுக்குள் போன நாளிலிருந்து.

திரையில் களிம்பு இல்லை.
முதலில் ஒரு கொடி, மயிரிழைத் தடிப்பில்.
பிறகு எதிரெதிரே இரண்டு பறவைகள்,
அலகில் நாடா.
ஒவ்வோர் இறகுக்கும் வெண்கலத்தில் வாய்க்கால் வெட்டி,
வாய்க்காலுக்குள் பொன்கம்பியை அறைந்து இறக்கி,
மேலே தேய்த்து, இன்னும் தேய்த்து,
விரல் தடவினால் தடுக்காதபடி.
நடுவில் கயிறு கோக்க ஒரு குமிழ்.
இடப்பக்கப் பறவைக்குக் கண் இல்லை.
கல் கழன்ற குழி,
மிளகளவு இருட்டு.

இவ்வளவும் முதுகில்.
பொட்டு வைத்தவள் தன்னையே பார்த்திருக்க
எதிரே நின்றவருக்கு மட்டும் தெரிந்த பக்கத்தில்.

கிருபைநாயகம் திரைக்குக் கிட்ட வந்தார்.
"தங்கமோ?"
"தங்கம்தான்," என்றேன்.
"அரசாங்கத்துட தங்கம்," என்றாள் நஸ்லியா அவசரமாக.
அவர் தலையாட்டினார், அதற்கில்லை என்பதுபோல,
இடது முன்கையை என்முன் நீட்டினார்.
"எனக்கும் ஒண்டு எடுங்க மகள்.
தொண்ணூறில இருந்து உள்ளுக்குக் கிடக்கு.
மாரி பிறந்தால் கடுக்கும்."

வைத்தியரின் துண்டு இல்லாமல் எடுக்கக்கூடாது.
எடுத்தேன்.
கைக்கு வைக்கிற அளவே போதுமாயிருந்தது.

இரண்டு எலும்புகளுக்கு இடையே ஏழு துணிக்கை.
ஒன்று அரிசி, ஒன்று அரத்தூள், ஒன்று உடைந்த ஊசிமுனை.
எந்தக் கொடியிலும் சேராத வெள்ளை.
சதை தன்பாட்டில் அவற்றைச் சுற்றி மூடியிருந்தது.
தடவிப் பார்த்தேன், தடுக்கவில்லை.

இரண்டு படமும் பக்கத்தில் பக்கமாக நின்றன.
நஸ்லியா ஏதோ சொல்ல வாயெடுத்து
தொலைபேசியைப் பார்த்தாள்.
அவர் விரல்விட்டு எண்ணினார்.
"ஏழா? அண்டைக்கு நாலு எண்டுதானே சொன்னவங்க."
குரலில் கோபம் இல்லை.
மீன் எண்ணி விற்கிறவருடைய கணக்கு.

துவாயைச் சுற்றும்போது
பறவையின் குழியைத் தொட்டுக் கேட்டார்:
"இதுக்குள்ள இருந்தது?"
கல்லாயிருக்கும், நீலம் அல்லது பச்சை,
வாவிக்குள் எங்காவது, என்றாள் நஸ்லியா.
"அப்ப நாளைக்கு எறியக்குள்ள பாக்கிறன்."

மிளகளவு கல்லை.

உங்கள் வலையின் கண் எவ்வளவு என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்துப்
பெருவிரலைக் காட்டினார்.